கீழ் வளைவில் ஒரு சிவப்புக் குடை

“இந்தத் தடவ தனு எங்கூட மேல வரட்டும்.”

போன ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே ஜீவராஜ் சொன்னதையும், ரசச் சட்டியோடு வந்த அவன் மனைவி லோஜினி அது காதில் விழாதவளைப் போல அடுப்படிக்குத் திரும்பியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வாக்கியம் வாரம் முழுக்க அவளை விடவில்லை. துணி அலசும்போது வந்தது. மகளுக்குத் தலை பின்னும்போது வந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் பருப்பு வடைக்கு வெங்காயம் அரியும்போதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

மேல் என்றால் மேல் வளைவு. வட்டகொடைக்கு அப்பால் தேயிலை மலையைச் சுற்றி ரயில் பாதை வளைந்து ஏறும் இடத்தில், பாதைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பாறை. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கொழும்பிலிருந்து பழைய கரிக்கோச்சி, அதாவது நீராவி ரயில், மலைக்கு வரும். அன்றைக்கு ஹட்டனில் ஜீவராஜின் ஸ்டூடியோவுக்கு விடுமுறை. கல்யாண வீடு கூப்பிட்டாலும் போக மாட்டான். குடும்பத்தோடு வேனில் ஏறி, புளிச்சோறும் வடையும் கட்டிக்கொண்டு அந்தப் பாறைக்குத்தான் போவான்.

அவன் பாறைக்குப் போவான். லோஜினி கீழ் வளைவுக்குப் போவாள்.

கல்யாணமான நாள் முதல் அதுதான் ஏற்பாடு. கீழ் வளைவைக் கோச்சி தாண்டியதும் அவள் கைப்பேசியில் ஒரு மணி கொடுக்க வேண்டும். மேலே அவன் கேமராவோடு தயாராகிவிடுவான். அவள் மூச்சிரைக்கப் பாறையடிக்கு ஏறிப் போவதற்குள் கோச்சி போயிருக்கும். அவன் சின்னத் திரையில் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அந்தப் படம் பிறக்கிற நொடியில் அவன் முகம் எப்படி இருக்கும் என்று லோஜினி ஒருநாளும் கண்டதில்லை.

இப்போது அதைக் காணப் போகிறவள் தனுஷிகா. ஜீவராஜின் தம்பி தர்ஷனைக் கட்டிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து வந்தவள், இன்னும் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. கொழும்பில் புகைப்படம் படித்தவள். சொந்தமாகக் கேமரா வைத்திருக்கிறாள்.

அதைவிடக் கொடுமை, ஜீவராஜ் அவளைத் ‘தனு’ என்று கூப்பிடுகிறான். லோஜினியை ‘லோஜி’ என்று கூப்பிட அவனுக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

*

ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி வந்து நின்றபோது மேடையே வெள்ளையாகிப் போனது. ஆவி கலையக் கலைய, முதலில் சக்கரங்கள் தெரிந்தன, பிறகு கறுத்த வயிறு, பிறகு பித்தளைப் பட்டை. எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்ற பவுசர் லாரி வந்து நின்றது. ஜீவராஜும் தனுஷிகாவும் எஞ்சினின் முகத்தைப் பிடிக்க மேடையின் மறுகோடிக்கு ஓடினார்கள்.

“மாமா, இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லாருக்கு.”

“அட, ஆமா! தனு, நீ குந்தி எடு. சக்கரத்தோட சேத்து எடு.”

லோஜினி அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையிலிருந்த வடைப் பொட்டலத்தோடு நேரே எஞ்சினின் பின்பக்கத்துக்குப் போனாள். நெருப்பைப் பார்த்துக்கொள்கிற சோமபால, கரி படிந்த முகத்தோடு மேலேயிருந்து குனிந்தார். சிங்களவர்; அம்மணி என்பதற்கு ‘நோனா’ என்பார்.

“ஆ, நோனா! வடை சூடுதானே?”

“சூடுதாங்க. பச்ச மொளகா இருக்கு, பாத்து.”

“கீழ் வளைவிலதானே இன்னிக்கும்? குடை இருக்கா?”

லோஜினி கையிலிருந்த பச்சைக் குடையைச் சற்றே உயர்த்திக் காட்டினாள். சோமபால தலையை ஆட்டிச் சிரித்தார்.

இது இவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கிற விஷயம். கல்யாணமான புதிதில் ஜீவராஜின் படங்களில் கோச்சி மொட்டையாகத்தான் வரும். புகையே இருக்காது. மூன்று நாள் சாப்பிடாமல் சுருண்டு படுப்பான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒருமுறை இதே மேடையில் நின்று, “எங்க வீட்டுக்காரரு மேல நின்னு படம் புடிக்கிறாருங்க, அந்த எடத்துல கொஞ்சம் பொகை விட்டுட்டுப் போனா என்ன” என்று கேட்டாள். சோமபால விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “நான் எப்படி எடம் கண்டுபிடிக்கிறது? கீழ நின்னு ஒரு அடையாளம் காட்டுங்க” என்றார். அன்றிலிருந்து கீழ் வளைவில் பச்சைக் குடை விரிந்து ஆடும். அதைக் கண்டதும் அவர் அடுப்பைக் கூட்டிவிடுவார். மேல் வளைவுக்கு எஞ்சின் ஏறும்போது கறுகறுவென்று புகை எழும்பி மலையையே மூடும்.

ஜீவராஜுக்கு இது தெரியாது. அந்த இடத்தில் ஏற்றம் கூடுவதால் எஞ்சின் திணறிப் புகை கக்குகிறது, அதைக் கண்டுபிடித்தவன் தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று லோஜினியும் இருந்துவிட்டாள். உள்ளுக்குள் அவளுக்கு அது ஒரு நகை மாதிரி. வெளியில் போடாமல் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிற நகை.

*

கோச்சி தண்ணீர் ஏற்றி முடிக்குமுன் வேன் முந்திக் கிளம்பிவிட்டது. தலவாக்கலை தாண்டி, ஃபேக்டரி வழியாக மேலே போய், மண் பாதை முடிகிற இடத்தில் தர்ஷன் வேனை நிறுத்தினான். வானம் தூறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“நானும் அபியும் இங்கயே மரத்தடியில பாய விரிக்கிறோம்” என்றான் தர்ஷன். அபிஷனா, லோஜினியின் மகள், அதற்குள் வடைப் பையைத் திறந்திருந்தாள்.

“அண்ணே, கொழும்புக் கண்காட்சிக்குப் படம் அனுப்ப எப்பக் கடைசி?”

“திங்கக்கெழம. ஸ்டூடியோவுக்கு ஒரே ஒரு படந்தான். இன்னைக்குக் கெடைக்கலேன்னா அம்புட்டுத்தான்” என்றான் ஜீவராஜ். கேமரா வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான். “தனு, ரெண்டாவது கேமராவ எடுத்துக்க. லோஜி, நீ வெரசா கெளம்பு. கீழ எறங்க நேரமாகும்.”

லோஜினி நகரவில்லை.

“நான் இன்னைக்கு மேல வர்றேன்.”

“என்னது?”

“மேல வர்றேங்க. பாறைக்கு.”

ஜீவராஜ் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான். கோபமில்லை, கேலியில்லை. அதுதான் அவளைக் குத்தியது.

“நீ மேல வந்து என்ன செய்யப் போற?”

தர்ஷன் பாயை உதறுவது போலத் திரும்பிக்கொண்டான். அந்த நேரம் பார்த்துத் தனுஷிகா முன்னால் வந்தாள்.

“பரவாயில்ல மாமா. நான் கீழ நிக்கிறேன். அக்கா ஒருக்காகூட மேலயிருந்து பாத்ததில்லையாம், பாவம். அபி சொன்னா.”

பாவம்!

அவளுக்கு உரிமையான இடம். அதை இந்தச் சின்னப் பெண், கையிலிருக்கும் மிட்டாயைப் பிள்ளைக்கு நீட்டுவது போல நீட்டுகிறாள். வேண்டாம் என்று சொன்னால் மேல் வளைவு போச்சு. வாங்கிக்கொண்டால் மானம் போச்சு. லோஜினி மானத்தை விட்டாள்.

“சரி, கீழ போனதும் கோச்சி தாண்டுனா மாமாவுக்கு ஒரு மணி குடுக்கணும். அம்புட்டுதான் வேல” என்றாள்.

அவ்வளவுதான் வேலையா? பச்சைக் குடை அவள் கையில்தான் இருந்தது. அதைத் தனுஷிகாவிடம் கொடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘புகையில்லாமல் ஒருநாள் வரட்டுமே’ என்று நினைத்தாள். ‘இந்தப் படிச்ச மகராசி கீழே நின்ற அன்றைக்குத்தான் புகை வரவில்லை என்று அவருக்குத் தோன்றட்டுமே.’

தனுஷிகா தன் பைக்குள் கையை விட்டு ஒரு குடையை எடுத்தாள். தூறல் விழுந்தால் விரிக்கலாம் என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

குங்குமச் சிவப்பு.

லோஜினி ரொசல்லைக்காரி. அவள் அப்பாவுக்கு ரயில் பாதையில் வேலை. லயத்து வீட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் கான் மட்டும்தான். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகுமுன் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு. பாதை ஓரத்தில் சிவப்பு எதையும் பிடித்து ஆட்டக் கூடாது. சட்டையானாலும் சரி, துவாயானாலும் சரி, டிரைவருக்குச் சிவப்பு என்றால் நில் என்றுதான் அர்த்தம். நுவரெலியாக் கடைத்தெருவில் வளர்ந்தவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

வாய் வரை வந்தது. “மழ வராது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு லோஜினி அதை விழுங்கிவிட்டாள்.

*

பாறை அவள் நினைத்தது போல இல்லை. வழுக்கியது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஜீவராஜ் முக்காலியை நட்டு, கேமராவைப் பூட்டி, கண்ணை வைத்தவன் வைத்தவன்தான். அவள் பக்கத்தில் நிற்கிறாள் என்பதே அவனுக்கு நினைவில்லை.

“அந்தப் பக்கம் தள்ளு. ஒன் குடை நுனி படத்துல விழுது.”

தள்ளினாள்.

“இன்னும்.”

இன்னும் தள்ளினாள். பாறையின் விளிம்புக்கு வந்துவிட்டாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் தேயிலைக்கு மேலாகக் கீழ் வளைவின் ஓரம் மட்டும் தெரிந்தது. தண்டவாளம் தெரியவில்லை. பள்ளத்திலிருந்து மூடுபனி நூல் நூலாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

“தனு நின்னுருந்தா அந்தக் கல்லு மேல ஏத்தியிருப்பேன்” என்றான் ஜீவராஜ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவளுக்கு ஒசரம் பத்தும்.”

“எனக்கு ஒசரம் இல்லதான்.”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொன்னீங்க.”

அவன் சிரித்தான். பிறகு, அவளிடம்தான் பேசுகிறானா, கேமராவிடம் பேசுகிறானா என்று தெரியாத குரலில் சொன்னான்.

“இந்த எடத்துல நிக்கிறப்ப எனக்குக் கை ஆடும், லோஜி. ஒவ்வொரு தடவையும். கல்யாண வீட்டுல ஆயிரம் பேரு நடுவுல ஆடாது. இங்க ஆடும். ஒன்னோட மணி அடிச்சிச்சின்னாத்தான் நிக்கும். லோஜி பாத்துட்டா, இனி பயமில்லேன்னு ஒரு இது. இன்னைக்கு அந்தப் புள்ள மணி குடுத்தா நிக்குமோ என்னமோ.”

லோஜினி அவனைப் பார்த்தாள். அவன் விரல்கள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. இத்தனை வருடமும் கீழே நின்று அவள் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. தெரிகிற நேரத்தில் அவள் தவறான இடத்தில் நிற்கிறாள்.

அப்போது முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அவள் கீழே பார்த்தாள். கீழ் வளைவின் ஓரத்தில், பச்சைத் தேயிலைக்கு நடுவே, பொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு விரிந்தது.

கைப்பேசி அவள் கையிலேயே இருந்தது. ‘தனு, குடைய மடக்கு.’ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். பெயரைக்கூட எடுத்துவிட்டாள். விரல் அதன் மேல் நின்றது.

“தனு கீழ போய்ச் சேந்திருப்பாளா?” என்றான் ஜீவராஜ். “சேந்திருப்பா. கெட்டிக்காரி.”

விரல் அப்படியே நின்றது.

தூரத்தில், மலை மடிப்புக்குப் பின்னால், கோச்சி நீளமாக ஒருமுறை ஊதியது.

*

ஜீவராஜின் கைப்பேசி அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கீழேயிருந்து ஊதல் சத்தம் வந்தது. நீளமாக இல்லை. வெட்டி வெட்டி, கத்துவது போல. பிறகு இரும்பு இரும்போடு உரசுகிற கிறீச்சென்ற சத்தம் மலையெல்லாம் ஓடியது.

பிறகு ஒன்றுமே இல்லை.

“என்னா இது?” ஜீவராஜ் முதல் முறையாகக் கேமராவை விட்டு நிமிர்ந்தான். “நின்னுருச்சா? இந்த ஏத்தத்துல நிப்பாட்ட மாட்டானே! மாடு கீடு குறுக்க வந்துச்சோ? லோஜி, ஒனக்கு ஏதாச்சும் தெரியுதா?”

“பனியா இருக்குங்க” என்றாள் லோஜினி. அது பொய்யில்லை. பனி வரத்தான் செய்தது. அது வருமுன் பார்த்ததைப் பற்றி அவன் கேட்கவில்லை.

ஏற்றத்தில் நின்ற எஞ்சினை மறுபடி கிளப்புவது லேசில்லை. ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. திடீரென்று கீழ் வளைவிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புகை மரம் எழும்பியது. வேரும் கிளையுமாக வானம் வரைக்கும் போயிற்று. இவ்வளவு புகையை ஜீவராஜ் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. அடியில் எஞ்சின் தெரியவில்லை, பாதை தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

“ஐயோ, ஐயோ, ஐயோ” என்று பாறையில் காலை உதைத்தான்.

கோச்சி மேல் வளைவுக்கு வந்தபோது பனி முழுசாக இறங்கியிருந்தது. கறுப்பாக ஏதோ முனகிக்கொண்டு கடந்து போயிற்று. ஜன்னல்களிலிருந்து வெள்ளைக் கைகள் ஆடின. ஜீவராஜ் பழக்கத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டேயிருந்தான். எல்லாப் படத்திலும் கழுவாத கண்ணாடி மாதிரி ஒரே சாம்பல்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு அவன் மெல்ல உட்கார்ந்தான். லோஜினி அவன் முகத்தைப் பார்த்தாள். படம் பிறக்கிற நொடியைப் பார்க்க வந்தவள், படம் செத்த நொடியைப் பார்த்தாள்.

*

மரத்தடிக்கு அவர்கள் இறங்கி வந்தபோது தனுஷிகா அங்கே இருந்தாள். முழங்கால் வரை சேறு. முகம் அழுதிருந்தது, ஆனால் கண் மின்னியது. தர்ஷன் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான்.

“மாமா, மன்னிச்சிக்குங்க மாமா! எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது. வெள்ளக்காரங்க கை காட்டுனாங்க, நானும் குடைய ஆட்டுனேன். செவப்புன்னு டிரைவர் நிப்பாட்டிட்டாரு. எறங்கி வந்து ஏசு ஏசுன்னு ஏசிட்டாரு.”

“செவப்புக் குடையா?” ஜீவராஜ் தலையில் கை வைத்தான். “ரயில் ரோட்டோரம் செவப்பு ஆட்டக் கூடாதுன்னு ஒனக்கு யாருமே சொல்லலயா?”

லோஜினி குனிந்து புளிச்சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தாள்.

“மணி குடுக்கவும் மறந்துட்டேன் மாமா. போன்ல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேனா...” தனுஷிகா மூக்கை உறிஞ்சினாள். “ஆனா மாமா, அது மறுபடி கெளம்புறப்ப ஒரு படம் எடுத்தேன். சும்மா பாருங்களேன்.”

கேமராவை நீட்டினாள்.

ஜீவராஜ் அக்கறையில்லாமல்தான் வாங்கினான். பார்த்தான். பிறகு கேமராவை இரண்டு கையாலும் பிடித்தான். பிறகு மழைச் சொட்டு விழாமல் அதன் மேல் குனிந்துகொண்டான்.

லோஜினியும் எட்டிப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். எஞ்சின் படம் முழுக்க நின்றது. ஈரம் வழிகிற கறுப்பு இரும்பு. சக்கரங்களுக்கு அடியிலிருந்து வெள்ளை ஆவி தேயிலைச் செடிகளின் மேல் படர்ந்து, ஒவ்வொரு கொழுந்தும் தனித்தனியே தெரிந்தது. மேலே அந்தப் புகை மரம். ஜன்னலில் சோமபால பாதி உடம்பை வெளியே போட்டு, யாரையோ தேடுவது போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீவராஜ் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தான்.

“இத்தன வருசம்,” என்றான் கடைசியில், “இத்தன வருசம் அந்தப் பாறையில நின்னேன். ஒரு தடவகூட இது கெடைக்கல.”

“நீங்க எடுத்ததாவே அனுப்புங்க மாமா” என்றாள் தனுஷிகா.

“சீ, அது அசிங்கம். ஒம் பேருலதான் போகும். நம்ம ஸ்டூடியோ படம், எடுத்தது தனுஷிகா. அப்படித்தான் எழுதுவேன்.”

தர்ஷன் கைதட்டினான். அபியும் தட்டினாள். லோஜினி எல்லோருக்கும் புளிச்சோறு வைத்தாள். தனுஷிகாவின் வாழையிலையில் வைக்கும்போது கரண்டி இலையைக் கிழித்துக்கொண்டு போனது. தனுஷிகா அவள் கையைப் பிடித்து, குரலை இறக்கினாள்.

“அக்கா. ஒங்ககிட்ட ஒன்னு பேசணும். இங்க வேணாம், வீட்டுக்குப் போனப்பறம்.”

“என்னா பேசணும்?”

“அப்பறம் அக்கா.”

சோமபால என்ன தேடினார்? யாரைத் தேடினார்?

“வீடியோ எடுத்தேன்னியே, அதக் காட்டு” என்றான் ஜீவராஜ். பாயில் கிடந்த தனுஷிகாவின் கைப்பேசியை எடுத்தான்.

“அது வேணாம் மாமா! ஆடிருச்சு, நல்லா வரல!” தனுஷிகா எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். அவசரத்தில் தேத்தண்ணிக் குவளை கவிழ்ந்தது. “படத்த மட்டும் பாருங்களேன்.”

அப்போதுதான் லோஜினிக்குப் புரிந்தது. இவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மூடி மறைக்கிறாள். எனக்காக. மேல் வளைவைக் கொடுத்தாள். இப்போது மானத்தையும் கொடுக்கிறாள். எது எதைத்தான் இவளிடம் வாங்கிக்கொள்வது?

ஜீவராஜ் வீடியோவை ஓட விட்டிருந்தான்.

முதலில் மழைச் சத்தம். கோச்சியின் கத்தல். டிரைவரின் ஏச்சு, சிங்களத்தில், நீளமாக. தனுஷிகா அழுகிற குரல். பிறகு சோமபாலவின் குரல், மேலேயிருந்து, சிரிப்போடு.

“அர கொள குடே நோனா அத நெத்த? அந்தப் பச்சைக் குடை நோனா எங்க இன்னிக்கு? ஐயோ தங்கச்சி, அந்த நோனா குடை காட்டினாத்தானே நாங்க பொகை போடுறது! மேல அவங்க மாத்தயா படம் எடுக்க வேணுமே! வருசா வருசம் வடையும் குடுத்து, குடையும் காட்டுறாங்க. அவருக்குச் சொல்ல வேணாம்னு வேற சொல்லியிருக்காங்க!”

வீடியோ நின்றது.

ஜீவராஜ் அதை முதலிலிருந்து இன்னொரு முறை ஓட விட்டான். முழுசாகக் கேட்டான். பிறகு கைப்பேசியைப் பாயில் வைத்துவிட்டு, லோஜினியின் காலடியில் சுருண்டு கிடந்த பச்சைக் குடையைப் பார்த்தான்.

லோஜினியிடம் பதில் இருந்தது. என்றைக்காவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று வருடக் கணக்காக மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பதில். ‘நீங்க சந்தோசமா இருக்கணும்னுதாங்க.’ அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

ஜீவராஜ் கேட்டது வேறு.

“நீ பாறை விளிம்புல நின்னு கீழதான பாத்துக்கிட்டிருந்த” என்றான் மெதுவாக. “செவப்புக் குடைய விரிச்சத நீ பாத்தியா?”

தர்ஷன் சோற்றுக் கையோடு உறைந்தான்.

“மேல ஒரே பனி மாமா” என்றாள் தனுஷிகா சட்டென்று. “அங்கயிருந்து அக்காவுக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொல்றேனே, தப்பு என் மேலதான்.”

மறுபடியும் கை நீட்டிவிட்டாள். இதையும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு தலையாட்டல் போதும். எல்லாம் மூடிப் போகும். வாழ்நாள் முழுக்க இவள் முகத்தில் விழிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும், அவ்வளவுதான்.

லோஜினியால் அது முடியவில்லை. நேர்மையால் என்று நினைத்துவிடாதீர்கள். இவளிடம் மூன்றாவது தடவையும் வாங்க மாட்டேன் என்ற வீம்பு.

“பாத்தேன்” என்றாள். “பனி வர்றதுக்கு முன்ன பாத்தேன். போன் கையில இருந்துச்சு. எடுத்துச் சொல்லல.”

ஜீவராஜ் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து, கையைக் கழுவி, வேட்டி நுனியில் துடைத்தான். குனிந்து பச்சைக் குடையை எடுத்தான். அதன் பிடியில் லோஜினி சுற்றியிருந்த நூலைத் தடவிப் பார்த்தான்.

“நாளைக்குக் கோச்சி பட்டிப்பொலயிலருந்து எறங்கி வருது” என்றான். “எறங்குறப்ப பொகை வராதுன்னு நான் மறுநாள் வர்றதே இல்ல. இப்பத்தான் தெரியுது, கேட்டா வரும்.”

குடையை நீட்டினான். லோஜினியிடம் இல்லை.

“தனு, நாளைக்கு நீதான் குடை காட்டணும். இது ஒங்கிட்ட இருக்கட்டும்.”

குடை இரண்டு பெண்களுக்கும் நடுவே நீண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் லோஜினியின் பாதத்தில் சொட்டியது.

தனுஷிகா அதை வாங்கவில்லை. வேண்டாமென்றும் சொல்லவில்லை. லோஜினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.